கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்: போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது, எதைப் பழகுவது?

கோவில்பட்டிக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இப்போ பிளஸ் டூ. அடுத்த வருஷம் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் பட்டம்) ஓவியத்துக்குப் போடணும். முதல் விருப்பம் சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி, அடுத்து கும்பகோணம். வீட்டுல ஒத்துக்கிட்டா குஜராத்துல இருக்கிற பரோடா பல்கலைக்கழகமும் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்.

கையில இருக்கிறது: போன்ல இருக்கிற போட்டோவைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைஞ்ச நடிகர், நடிகை பென்சில் முகங்கள், கொஞ்சம் மண்டலா (வட்டத்துக்குள்ள அடுக்கடுக்கா வர்ற கோலம் மாதிரி வடிவம்), யூடியூப் பார்த்துச் செஞ்ச வாட்டர்கலர் மலையும் ஏரியும். பள்ளிக்கூடத்துல எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா அங்க படிக்கிற ஒரு சீனியர், "இதுல ஒண்ணுகூட உதவாது, தேர்வு ஹால்ல போட்டோ தரமாட்டாங்க"ன்னுட்டாங்க.

என் கேள்விகள். போர்ட்ஃபோலியோவுல, அதாவது கல்லூரியில காட்டுற படத் தொகுப்புல, வைக்கப் பழைய படமெல்லாம் உதவாதா? தினமும் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு கூடுதலா நேரம் கிடைக்கும், அதுல எதைப் பழகணும்? என்ன பேப்பர், என்ன கலர் வாங்கணும்? எங்க ஊர்ல ஓவிய வகுப்பு எதுவும் சரியா அமையலை, தனியாவே பழகி ஜெயிக்க முடியுமா?

---

கரித்துண்டு:

உங்கள் சீனியர் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னாலும் விஷயம் சரி. கட்டம் போட்டு போட்டோவைப் பெயர்க்கும்போது முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையை கேமரா முடித்துவிடுகிறது. உங்கள் கை செய்வது நிழல் நிரப்புவது மட்டும். கல்லூரி பார்க்க நினைப்பது அந்த முதல் பாதியை: எதிரே இருக்கும் பொருளைக் கண்ணால் அளந்து தாளில் உட்கார வைக்கத் தெரிகிறதா என்பதை. ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு ஒரே விதி. நேரில் இல்லாத எதையும் வரையாதீர்கள்.

சமையலறையிலிருந்து ஒரு மண் சட்டி, ஒரு செம்பு, ஒரு தேங்காய், ஒரு துண்டு. இவ்வளவு போதும். முதலில் மண் சட்டியை மட்டும் வரையுங்கள். செம்பு பளபளக்கும், அதில் ஜன்னல், உங்கள் முகம், பக்கத்துச் சுவர் எல்லாம் தெரியும்; நிழல் எது பிம்பம் எது என்று பிரிக்கத் தெரிந்த பிறகு அதற்குப் போகலாம். பொருள்களைப் பக்கவாட்டு ஜன்னலுக்கு அருகே வைத்து, ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் இருந்தால் இரண்டு நிழல் விழும், எந்தப் பக்கத்தை இருட்டாக்குவது என்றே தெரியாமல் போகும். வெயில் நகரும் என்பதால் நிழலின் எல்லைக்கோட்டை முதல் பத்து நிமிஷத்தில் குறித்துக்கொண்டு, பிறகு அது நகர்ந்தாலும் குறித்ததையே பின்பற்றுங்கள்.

அளக்கும் முறை: கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவே சட்டியின் உயரத்தைப் பிடியுங்கள். அதே அளவு அகலத்தில் எத்தனை முறை போகிறது என்று பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். பாதிப் பேருக்கு வரைபடம் கோணுவது இங்கேதான். பிறகு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, சட்டியின் விளிம்புக்கு நேர் கீழே தேங்காயின் எந்த இடம் வருகிறது என்று ஒத்துப் பாருங்கள்.

வட்ட வாய்களில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வார்கள். கண் மட்டத்துக்கு அருகே இருக்கும் வட்டம் ஒடுங்கித் தெரியும், கீழே போகப் போக விரியும். ஆக சட்டியின் வாயைவிட அடிப்பாகத்தின் வளைவு அதிகமாக இருக்க வேண்டும். மேசை தட்டை என்று மூளைக்குத் தெரிந்திருப்பதால் கை தானாகவே அடியில் நேர்க்கோடு இழுக்கும். அப்படி வரைந்த சட்டி அந்தரத்தில் ஒட்டிவைத்தது போலத் தெரியும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடியக் கூடாது, அங்கேயும் வளைவு உண்டு. சந்தேகம் வந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள், அல்லது கண்ணாடியில் காட்டுங்கள். கோணல் உடனே துருத்திக்கொண்டு தெரியும்.

இன்னொன்று, தாளை மேசையில் படுக்க வைத்து வரையாதீர்கள். தாளின் தூரத்து ஓரம் கண்ணுக்குக் குறுகித் தெரியும், அதை ஈடுகட்டக் கை மேல்பகுதியை நீட்டிவிடும். நிமிர்த்திப் பார்த்தால் குடத்துக்குக் கழுத்து நீண்டிருக்கும், மனிதனுக்குத் தலை பெருத்திருக்கும். அட்டையை மடியில் சாய்த்து, மேல் ஓரத்தை நாற்காலி முதுகில் முட்டுக் கொடுத்தால் போதும்.

நிழலை விரலால் தேய்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் ஏறித் திட்டு விழும், தாளின் சொரசொரப்பு அடைந்துபோய் அதன்மேல் 6பி போன்ற அடர் பென்சில் போட்டாலும் கறுப்பு ஏறாது. கோடுகளை வடிவம் வளையும் திசையில் அடுக்கியே ஐந்து படிகள் கொண்டுவரலாம்: தாளின் வெள்ளை, வெளிச்சப் பகுதி, இடைநிழல், அடர்நிழல், பொருள் தரையைத் தொடும் இடத்துக் கறுப்பு. நிழல் பகுதிக்குள் தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் தெரியும். அதை வெளிச்சப் பக்கத்தைவிடப் பிரகாசமாக விட்டுவிட்டால் உருண்டை உடைந்து தட்டையாகிவிடும்.

துண்டு மடிப்புக்குத் தடித்த பருத்தித் துண்டுதான் நல்லது. ஒரு ஆணியில் மாட்டினால் மடிப்புகள் அந்தப் புள்ளியிலிருந்து விரியும்; இரண்டு ஆணியில் மாட்டினால் நடுவில் தொங்கும் வளைவுகள் வரும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் சேலைக் கொசுவம் வரை அதே விதிதான். பாலியஸ்டர் துப்பட்டா வேண்டாம், பொடிப்பொடியாகச் சுருங்கிக் குழப்பும்.

பென்சில் எச்பி, 2பி, 4பி, 6பி போதும். ஷார்ப்னர் வேண்டாம், பேனாக்கத்தியால் ஒரு சென்டிமீட்டர் முனை வெளியே தெரியச் சீவுங்கள், சாய்த்துப் பிடித்தால் அகலக் கோடும் வரும். ரப்பரில் பிசைகிற வகை ஒன்று. கரிப் பென்சிலையும் சாதா பென்சிலையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள். சாதா பென்சிலின் வழவழப்பின் மேல் கரி ஒட்டாது.

---

சுண்ணாம்புச் சுவர்:

கரித்துண்டு சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு வேறு கருத்து. "நேரில் இல்லாத எதையும் வரையாதே" என்பதை அப்படியே பிடித்துக்கொண்டு பழைய முகங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிடாதே தங்கச்சி. அந்த வேலையில் பொறுமை தெரிகிறது, நிழல் படிகள் மேல் உனக்குப் பிடி இருக்கிறது என்பதும் தெரிகிறது. ஒன்றை வைத்துக்கொள், ஒன்றை மட்டும். பக்கத்திலேயே உன் பாட்டியையோ தாத்தாவையோ நேரில் உட்கார வைத்து அதே அளவில் வரைந்ததை வை. எப்படி நகர்ந்து வந்திருக்கிறாய் என்பது இரண்டு தாளில் தெரிந்துவிடும்.

முகம் நேரில் வரையும்போது: கண்கள் உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரி நடுவில் வரும். எல்லாரும் மேலே தூக்கி வைப்பார்கள், ஏனென்றால் நெற்றிக்கு மேலே இருக்கும் மண்டையை யாரும் கவனிப்பதில்லை. காது, புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவே. முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் காதுக்குப் பின்னால் இன்னும் நிறையத் தலை இருக்கிறது, அதை வெட்டிவிடாதே. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கை, தாடையிலிருந்து நெற்றி நடுவரை உள்ள நீளம். கோவில்பட்டியிலிருந்து வருகிற பிள்ளைகள் கையைச் சின்னதாகப் போட்டால் அந்த ஊர்க் காலண்டர் ஓவியர் கொண்டையராஜு மன்னிக்கமாட்டார்!

மண்டலாவை வைக்காதே. பொறுமையைத் தவிர அதில் உன்னைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

---

அரைஷீட்:

கலரும் காம்போசிஷனும் (ஒரு காட்சியைத் தாளில் அமைக்கும் முறை) யாரும் தொடவில்லை, அதனால் நான்.

தேர்வுக்கு எந்தத் தாள், எத்தனை மணி நேரம், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது அந்த வருஷத்து விண்ணப்பக் குறிப்பேட்டில் இருக்கும், அதை வரிவிடாமல் படியுங்கள். பழகுவதற்குக் கடையில் 22×30 அங்குல முழு ஷீட்டாக வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பாதி 15×22, கால் 11×15. பென்சிலுக்கு 130 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கார்ட்ரிட்ஜ் தாள் தாராளம். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம், அதற்குக் கீழே போனால் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும். நாலு ஓரத்தையும் பேப்பர் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுத் தொடங்கினால் ஓரளவு தப்பிக்கலாம். ஏ4 நோட்டிலேயே பழகியவர்கள் அரை ஷீட் கொடுத்ததும் நடுவில் ஒரு சின்னப் படம் வரைந்து சுற்றிலும் மைதானம் விட்டுவிடுவார்கள். பெரிய தாளுக்குத் தோளிலிருந்து கை அசைய வேண்டும், மணிக்கட்டு போதாது. வாரத்துக்கு ஒன்றாவது அரை ஷீட்டில் செய்யுங்கள்.

உங்களுக்கு என் சிபாரிசு போஸ்டர் கலர். தப்பை மூடலாம், வேகமாகக் காயும். குப்பிகள்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், வெர்மிலியன், க்ரிம்சன், அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், வெள்ளை பெரிய குப்பி. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினோடு பர்ன்ட் அம்பர் கலந்தால் வரும் கறுப்பில் உயிர் இருக்கும், குப்பிக் கறுப்பு நிழலை ஓட்டை போட்டது போல் ஆக்கிவிடும். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் அடிப்படை, நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரின். ‘ஸ்கின் கலர்’ என்று விற்கும் இளஞ்சிவப்புக் குப்பியைத் தொடவே வேண்டாம். பிரஷ் உருண்டை 2, 6, 10, ஓர் அங்குலத் தட்டை ஒன்று.

போஸ்டர் கலரைக் கடைந்த தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நீர்த்தால் கீழே உள்ளது தெரியும், கெட்டியாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். காய்ந்த பூச்சின் மேல் ஈர பிரஷை இரண்டு மூன்று முறை தேய்த்தால் கீழே உள்ள நிறம் கரைந்து மேலே வந்து சேறாகும். ஒரே இழுப்பில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். வெளிர் நிறங்கள் காயும்போது சற்றுக் கறுக்கும், அடர் நிறங்கள் சற்று வெளுக்கும். அதனால் ஒரு துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். வாட்டர்கலரோ காய்ந்தால் எப்போதும் வெளுக்கும். பார்க்க அழகாக இருக்கும்போதே நிறுத்தினால் காய்ந்த பிறகு நோஞ்சானாக இருக்கும்.

இனி காம்போசிஷன். சந்தை, பேருந்து நிலையம், மழைநாள், கோயில் திருவிழா, இப்படி ஒரு தலைப்புக் கொடுத்து நினைவிலிருந்து வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று பழகுங்கள். தலைப்பைப் பார்த்ததும் பெரிய தாளில் கை வைக்கக் கூடாது. முதலில் தாளின் அதே விகிதத்தில் தீப்பெட்டி அளவுக்கு நாலு ஐந்து சின்னப் படங்கள், அவற்றில் மூன்றே தொனி: வெள்ளை, சாம்பல், கறுப்பு. முகம், மூக்கு எதுவும் வேண்டாம். எதில் கண் ஒரே இடத்துக்குப் போகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத் தேர்வு என்று வைத்தால் இதற்குக் கால் மணி நேரம், பெரிய தாளில் மெல்லிய கோடு அரை மணி நேரம், பின்னணியும் பெரிய வடிவங்களும் ஒரு மணி நேரம், மனிதர்கள் ஒரு மணி நேரம், கடைசிக் கால் மணி அடர்நிழலுக்கும் வெளிச்சப் புள்ளிகளுக்கும். முதல் ஆளின் முகத்திலேயே ஒரு மணி நேரத்தை விட்டவர்களுக்குப் பின்னணி வெள்ளையாகவே நின்றுவிடும்.

சந்தைக் காட்சியில் ஆட்களை அளவாக வைக்க ஓர் உபாயம் உண்டு. நீங்கள் நின்றுகொண்டு சமதரையில் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் உயரமே உள்ளவர்களின் கண்கள் எல்லாம், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஒரே கிடைக்கோட்டில் வரும். தூரத்து ஆளின் கால்தான் மேலே ஏறும், தலை இறங்காது. நீங்கள் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் அந்தக் கோடு நிற்பவர்கள் எல்லாருக்கும் உடம்பில் ஏறக்குறைய ஒரே இடத்தை, இடுப்பையோ மார்பையோ, வெட்டும். சிறுவர்களும் கீழே உட்கார்ந்து கீரை விற்கும் அம்மாவும் அந்தக் கோட்டுக்குக் கீழே. இது தெரியாதபோதுதான் பின்னால் நிற்பவன் குழிக்குள் நிற்பவன் போலவோ ராட்சசன் போலவோ வருகிறான்.

இன்னும் இரண்டு: ஒரு ஆளாவது தாள் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். ஆட்களை வரிசையாகத் தனித்தனியே நிறுத்தாதீர்கள், ஒருவரை ஒருவர் மறைக்கட்டும், இரண்டு பேர் தாளின் ஓரத்தில் பாதி வெட்டுப்படட்டும். மூலையில் சூரியன், இரண்டு மலை, நடுவில் பறக்கும் ஆங்கில ‘M’ எழுத்துக் காகங்கள், இவற்றுக்கு நிரந்தர விடுமுறை.

---

கோவில்பட்டிக்காரி:

இவ்வளவு விவரமா யாரும் சொல்வாங்கன்னு எதிர்பார்க்கலை, நன்றி அண்ணா, அக்கா எல்லாருக்கும். ஆனா சந்தையில மனுஷங்களை நினைவுல இருந்து வரையணும்னா முதல்ல அவங்களை நிறைய வரைஞ்சிருக்கணும்ல? மாடலா உட்கார வீட்டுல யாருக்கும் பொறுமை இல்லை. வெளியில போய் வரையவும் கூச்சமா இருக்கு, எல்லாரும் சுத்தி நின்னுடுவாங்க. அப்புறம் களிமண் வேலையும் பழகணுமா?

---

எட்டயபுரம் ரோடு:

மாடல் தேடாதேம்மா. உன் ஊரிலிருந்து எட்டயபுரம் பக்கம்தான், சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. ஆடு, ஆள், வண்டி, பேரம் பேசும் கை, துண்டைத் தலையில் சுற்றிய முதுகுகள், எல்லாம் ஒரே இடத்தில். அதிகாலையிலேயே போய்விடு, வெயில் ஏறினால் கூட்டம் கலையும். அங்கே அவரவர் வியாபாரத்தில் இருப்பார்கள், உன்னை யாரும் பார்க்கப் போவதில்லை. கூச்சத்துக்கு வழி, உள்ளங்கையில் அடங்கும் ஏ6 நோட்டும் ஒரு பால்பாயின்ட் பேனாவும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார், பின்னால் நின்று எட்டிப் பார்க்க இடம் இருக்காது. எல்லாவற்றுக்கும் முதல் தடவை வீட்டில் யாரையாவது துணைக்கு அழைத்துப் போ.

பேனா ஏன் என்றால் அழிக்க முடியாது. அழிக்க முடியாதபோது கோடு போடும் முன்பே பார்ப்பாய். ஆள் அசைந்துவிடுவான், அதனால் முப்பது விநாடி, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று பழகு. முதல் கோடு தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை உடம்பு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது. இரண்டாவது தோள் சரிவு, மூன்றாவது இடுப்புச் சரிவு. ஒற்றைக் காலில் எடை வைத்து நிற்பவனுக்கு எடை உள்ள பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். தோளும் இடுப்பும் இணையாக வந்தால் அவன் கடை பொம்மை. கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எல்லாம் அப்புறம், பெரும்பாலும் வேண்டவே வேண்டாம்.

நின்றவன் ஏழரைத் தலை உயரம், பாதி உயரம் தொடை பிரியும் இடத்தில். சம்மணம் போட்டவன் தரையிலிருந்து ஏறக்குறைய நாலு தலை. விரல் நுனி நடுத்தொடை வரை. இந்தக் கணக்கை வைத்து வரையாதே, வரைந்த பிறகு ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள். பாதம் முன்கை நீளம் இருக்கும், அதைச் சின்னதாகப் போடும் கெட்ட பழக்கம் எல்லாருக்கும் உண்டு.

ஆள் நகர்ந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. இன்னொரு ஆள் அதே நிலையில் வந்து நிற்பான். தேங்காய் உரிப்பவன், டீ ஆற்றுபவன், தையல் மிஷின் மிதிப்பவர் எல்லாரும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள், பாதியில் விட்ட கோட்டை அடுத்த சுற்றில் முடிக்கலாம். அன்று இரவே வீட்டில் நோட்டைத் திறக்காமல், பார்த்ததில் ஒரு காட்சியை நினைவிலிருந்து வரை. எங்கே தடுமாறுகிறாயோ, உதாரணமாக ஆட்டின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது, அதை அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்து வா. நினைவு ஓவியத்துக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

கழுகுமலையையும் விடாதே. வெட்டுவான் கோவில் ஒரே பாறையில் வெட்டியது, முடிக்காமல் விட்டது. அதற்குச் சற்றுத் தள்ளிப் பாறையில் சமணப் புடைப்புச் சிற்பங்கள். காலையில் சாய்ந்த வெளிச்சம் விழும்போது முகம், மார்பு, மடி எல்லாம் நிழலால் பிரிந்து தெரியும். சிலை அசையாது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையலாம். அசையாத மனித உருவம் வேண்டும் என்றால் உனக்கு இலவச மாடல்கள் அங்கே வரிசையாக இருக்கிறார்கள். உச்சி வெயிலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

---

ஈரத்துணி:

களிமண் பற்றி. ஓவியப் பிரிவுக்குத்தான் போகிறீர்கள் என்றாலும் பழகுங்கள். பென்சிலில் ஏமாற்ற முடிந்ததைக் களிமண்ணில் முடியாது, பின்பக்கமும் இருக்கிறது. குயவரிடம் அரைத்த களிமண் ஐந்து கிலோ வாங்குங்கள், வயல் மண்ணில் கல்லும் வேரும் இருக்கும். பயன்படுத்தும் முன் நன்றாகப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல், வளைத்தால் விரிசல் விடாமல் இருப்பது சரியான பதம்.

முதல் பயிற்சி எட்டுக்கு எட்டு அங்குலப் பலகையில், ஓர் அங்குலக் கனத்துக்கு மண் பரப்பி, ஒரு கத்தரிக்காயையும் இலையையும் புடைப்பாகச் செய்வது. அடுத்தது உங்கள் இடது கை, முழு உருவில். பெரிய திரளாக எடுத்துத் தோண்டாதீர்கள், சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்து வளர்த்துவாருங்கள். இரண்டு துண்டை ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, நீர்த்த களிமண் குழம்பு தடவி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் காயும்போது விரல் கழன்று விழும். வழவழப்புக்காகத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பது பெரிய தப்பு. மேற்பரப்பு மட்டும் நனைந்து, பிறகு வேகமாகச் சுருங்கி வெடிக்கும், வடிவத்தின் தெளிவும் போய்விடும். வேலையை நிறுத்தும்போது ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பலகையைத் திருப்பி, வெளிக்கோட்டை மட்டும் எல்லாப் பக்கமும் பாருங்கள்.

காய்ந்த பிறகு போட்டோ எடுத்துவிட்டு மண்ணை ஊறப்போட்டால் மறுபடி பயன்படும்.

---

வெள்ளை மவுண்ட்:

போர்ட்ஃபோலியோவைக் கட்டும் வேலை பற்றி. கல்லூரி இத்தனை படம் என்று கேட்டிருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் 15 முதல் 20 போதும். நாற்பது வைத்தால் மோசமான இருபதும் கூடவே வரும். பார்ப்பவர்கள் வேகமாகப் புரட்டுவார்கள், அதனால் உங்கள் சிறந்த படம் முதலில், அடுத்த சிறந்தது கடைசியில். உத்தேசமாக: ஸ்டில் லைஃப் (சட்டி, தேங்காய் போன்ற அசையாப் பொருள்கள்) நான்கு, அதில் ஒன்றாவது கலர், நேரில் பார்த்த முகமும் உருவமும் ஐந்து, தெருவில் உட்கார்ந்து வரைந்த காட்சி மூன்று, காம்போசிஷன் நான்கு, களிமண் வேலையின் போட்டோ ஒன்றிரண்டு. ஒரு காம்போசிஷனோடு அதன் சின்னத் தொனிப் படங்களையும் சேர்த்து ஒட்டுங்கள். யோசித்த வழி தெரிந்தால் முடிவில் சிறு குறை இருந்தாலும் மதிப்பு குறையாது. ஸ்கெட்ச் நோட்டைப் பக்கம் கிழிக்காமல் முழுதாக எடுத்துப் போங்கள், எண்ணெய்க் கறையும் தப்பான பக்கமும் அதிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே அளவு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் அட்டையில் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டி, நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஏ2 ஃபைலில் போடுங்கள். லாமினேஷன் செய்யக் கூடாது: வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், உள்ளே உள்ள படத்தை மறுபடி எடுக்கவும் முடியாது. சுருட்டிக் குழாயில் கொண்டுபோனால் மேசையில் விரியாமல் சுருண்டு நிற்கும், போஸ்டர் கலர் வெடித்து உதிரும். கரி ஓவியத்துக்குக் கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே, ஓர் அடி தள்ளி நின்று மெல்லிய பூச்சாக இரண்டு தடவை, மொட்டை மாடியில். காசு மிச்சம் என்று ஹேர் ஸ்ப்ரே அடித்தால் நாளாக ஆக மஞ்சளாகும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு, எவ்வளவு நேரம், நேரில் பார்த்ததா நினைவா என்பது. முன்பக்கம் பெரிய கையெழுத்து வேண்டாம்.

பரோடா போன்ற வெளிமாநில இடங்களுக்கு ஆன்லைனில் படங்களை ஏற்றச் சொன்னால் போட்டோ தரம் முக்கியம். படத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டி, வெயில் நேராக விழாத திறந்த நிழலில், போனை படத்தின் மையத்துக்கு நேராக வைத்து எடுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். கிட்டப் போய் எடுத்தால் ஓரக் கோடுகள் வெளியே வளையும். ஃப்ளாஷ் வேண்டாம், பென்சிலின் கறுப்பான இடங்கள் வெளுத்து மின்னும். ஆவணம் ஸ்கேன் செய்யும் ஆப்களைத் தொடவே கூடாது, அவை பின்னணியை வெளுப்பாக்கும் வேகத்தில் மெல்லிய நிழல்களையும் அழித்துவிடும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்தால் நிறம் சரிசெய்ய உதவும், பிறகு வெட்டிவிடலாம்.

நேர்காணல் இருந்தால் "எந்த ஓவியரைப் பிடிக்கும்" என்ற கேள்விக்கு டாவின்சி, பிக்காசோ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். நீங்கள் போகும் எழும்பூர்க் கல்லூரி 1850இல் தொடங்கியது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவாகக் காரணமானவர். ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள், கோட்டின் கனத்தைக் கூட்டிக் குறைத்தே ஒரு மனிதரை எப்படிக் கொண்டுவருகிறார் என்று இரண்டு வாக்கியம் உங்கள் சொந்தச் சொல்லில் சொல்ல வந்தால் போதும். தேர்வுக்குச் சென்னை வரும்போது ஒரு நாள் முன்னதாக வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தையும் நோட்டோடு சுற்றிவரலாம்.

ஒரு எச்சரிக்கை. என்ஐடி, யூசீட், நிஃப்ட் பயிற்சி வீடியோக்களைப் பார்த்து இதற்குத் தயாராகாதீர்கள். அவை வடிவமைப்புக்கான தேர்வுகள், அங்கே ஒரு பிரச்சினைக்கு யோசனை சொல்லும் திறன் பெரிது. இரண்டுக்கும் சேர்த்துப் போடுவதில் தப்பில்லை, ஆனால் ஒரே போர்ட்ஃபோலியோவை இரண்டுக்கும் தூக்கிப் போகாதீர்கள்.

---

கோவில்பட்டிக்காரி:

கடைசியா ஒண்ணு. பப்ளிக் எக்ஸாம் நேரத்துல ஒரு மாசம் கை விட்டுப்போகுமே?

---

கரித்துண்டு:

முழுதாக விடாதீர்கள். தினம் பதினைந்து நிமிஷம், ஒரே ஒரு பொருள், பேனாவால்: செருப்பு, சாவிக்கொத்து, பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் கம்பிகளை வரையாமல் கம்பிகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகளின் வடிவத்தை மட்டும் வரையுங்கள், கண் கூர்மை மழுங்காது. கலர், அரை ஷீட் எல்லாம் தேர்வு முடிந்த மறுநாள். அதற்கு முன் குப்பிகளைத் திறந்து பாருங்கள், போஸ்டர் கலர் இறுகிப் போயிருந்தால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.